மஞ்சள் கரிசலாங்கண்ணி, கரிசலாங்கண்ணியில் ஒரு ரகமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அம்மாவுக்குக் கரிசலாங்கண்ணிப் பொடி சாப்பிடச் சொல்லிச் சித்த மருத்துவர் ஒருவர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நாட்டு மருந்துக் கடையில் சீட்டை நீட்டினால், “வெள்ளையா, மஞ்சளா?” என்று கேட்டிருக்கிறார்கள். சீட்டில் வெறும் கரிசலாங்கண்ணி என்றுதான் இருந்தது. சரி, வீட்டிலேயே வளர்த்துக்கொள்ளலாம் என்று நர்சரிக்குப் போய், அவர்கள் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லிக் கொடுத்த தொட்டி ஒன்றை வாங்கி வந்துவிட்டீர்கள். இப்போது அதன் இலை மூன்றாகப் பிளந்தாற்போல் பளபளவென்று இருப்பதைப் பார்த்துச் சந்தேகம் வந்திருக்கிறது. “மஞ்சள் என்பது கரிசலாங்கண்ணியில் ஒரு ரகம்தானே, எதைச் சாப்பிட்டால் என்ன?” என்று முடித்திருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கடைக்காரர் கேட்டது பொடியைப் பற்றி. நீங்கள் கேட்பதோ பெயரைப் பற்றி: ஒரு பொதுப்பெயருக்கு முன்னால் ‘மஞ்சள்’ என்று ஒரு சொல்லை ஒட்டிவிட்டால், அந்தச் செடி பொதுப்பெயரின் குடைக்குள் வந்துவிடுமா? முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. மஞ்சள் கரிசலாங்கண்ணி, கரிசலாங்கண்ணியின் ரகம் அல்ல. தாவரவியல்படி அது வேறு பேரினம், அதாவது நெருங்கிய செடிவகைகளைச் சேர்த்து வைக்கும் தொகுதியே வேறு. ஆனால் சித்த மருத்துவ வழக்கில் அதைக் கரிசலாங்கண்ணியின் ஒரு வகையாகவே நடத்துகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. உங்கள் தொட்டியில் இருப்பது, நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால், இரண்டும் இல்லை.

நான் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவன். உலர்தாவரத் தாள்களோடு 27 வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். ஒரு செடி எது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியும். அது உங்கள் அம்மாவின் உடம்புக்கு ஒத்துவருமா என்று சொல்வது என் வேலை இல்லை, அதை எழுதிக் கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். பள்ளிக்கூடத்தில் இருபெயரொட்டுப் பண்புத்தொகை படித்திருப்பீர்கள். சிறப்புப்பெயர் முன்னால், பொதுப்பெயர் பின்னால்: மல்லிகைப்பூ, பலாமரம். பூவன் வாழை என்றால் பூவன் ஆகிய வாழை. இங்கே இலக்கணமும் தாவரவியலும் ஒத்துப்போகின்றன. பூவன், ரஸ்தாளி, நேந்திரன் எல்லாமே வாழைதான், மனிதன் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, கன்று பிரித்து வளர்த்த ரகங்கள். நெல்லிலும் அப்படியே. கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, ஆடுதுறை 43 என்று ஆயிரம் பெயர் சொன்னாலும் சிற்றினம், அதாவது பேரினத்துக்குள் வரும் தனிச் செடிவகை, ஒன்றுதான். ரகம் என்ற சொல் பொருந்துவது இந்த இடத்தில்தான். ஒரே சிற்றினத்துக்குள், பயிர் செய்பவன் கை பட்டு உண்டான வேறுபாட்டைத்தான் ரகம் என்கிறோம்.

வாழையிலும் நெல்லிலும் பழகிய காது, மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கேட்டதும் அதையும் ரகம் என்றே எடுத்துக்கொள்கிறது. பழுது காதில் இல்லை. ‘மஞ்சளான கரிசலாங்கண்ணி’ என்றுதான் அந்தத் தொடரும் சொல்கிறது. ஆனால் காட்டுச் செடிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் ரகம் பிரித்து வைக்கவில்லை. கண்ணால் பார்த்தார்கள், கையால் கசக்கினார்கள், எதற்குப் பயன்படுகிறது என்று கவனித்தார்கள், ஏற்கெனவே தெரிந்த ஒரு செடியின் பெயரை இரவல் வாங்கி முன்னால் ஓர் அடைமொழியைச் சேர்த்தார்கள். அந்த அடைமொழி உறவைச் சொல்லலாம், வெறும் சாயலையும் சொல்லலாம். எது என்பது பெயரில் எழுதியிருக்காது.

இனி செடிகள். அடைமொழி இல்லாத கரிசலாங்கண்ணி, அதாவது வெள்ளை, எக்லிப்டா புரோஸ்டிராட்டா. வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம், குளத்தங்கரை, எங்கெல்லாம் ஈரம் சொதசொதவென்று இருக்கிறதோ அங்கெல்லாம் தானாக முளைக்கும். கையாந்தகரை, கரிசாலை, கைகேசி எல்லாம் இதுவே, வடமொழியில் பிருங்கராஜம். தண்டு பழுப்புச் சிவப்பாக இருக்கும், விரலால் உருவினால் சொரசொரக்கும். இலைகள் எதிரெதிராக, காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டியிருக்கும். பூ சட்டைப் பொத்தான் அளவுகூட வராது, வெள்ளை. இதழ்கள் உதிர்ந்தபின் பச்சையாக ஒரு சின்னப் பொத்தான் நிற்கும், அதை நசுக்கினால் கறுப்பு விதைகள் கொட்டும்.

எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் சாறு. ஒரு தண்டை ஒடித்து, வெள்ளைத்தாளில் அழுத்தித் தேய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். முதலில் பச்சைக் கறை. பிறகு அது மங்கி, நீலமும் கறுப்பும் கலந்த நிறத்துக்கு மாறும். உள்ளங்கையில் தேய்த்தால் சோப்புக்கும் லேசில் போகாது. அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டினாலும் செடி கறுத்துத்தான் போகும். முதல் வருஷ மாணவர்கள், “சார், சரியாகக் காய வைக்காமல் கெடுத்துவிட்டேன்” என்று பயந்துகொண்டே கொண்டுவருவார்கள். கெடவில்லை, அதன் சுபாவம் அது. பெயரிலேயே கரிசல் இருக்கிறதே.

மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு மருத்துவ நூல் வழக்கில் அழகான பெயர் ஒன்று உண்டு: பொற்றலைக் கையாந்தகரை. பொன் தலை. தாவரவியலில் ஸ்பாக்னெட்டிகோலா கேலெண்டுலேசியா. பழைய புத்தகங்களில் வெடேலியா கேலெண்டுலேசியா என்றோ வெடேலியா சைனென்சிஸ் என்றோ பார்ப்பீர்கள், மூன்றும் ஒரே செடிதான். இது தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டுப் பாய்போல் மூடும். இலை நீண்டு, சற்றுத் தடிப்பாக, கரும்பச்சையாக இருக்கும். விளிம்பு ஏறக்குறைய நேராகவே போகும், மிஞ்சினால் இரண்டொரு பல். பிளவு கிடையாது. கொடியிலிருந்து நீளமான காம்பு ஒன்று நிமிர்ந்து எழும்பி, அதன் உச்சியில் ஒற்றையாக ஒரு மஞ்சள் பூ, வெள்ளையின் பூவைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக.

பொன் தலை என்று வைத்தவரை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சின்ன சந்தோஷம். இந்தக் குடும்பத்தில் நாம் பூ என்று சொல்வது ஒரு பூ அல்ல, ஒரே மேடையில் நெருக்கி உட்கார்ந்த பல குட்டிப் பூக்களின் கூட்டம். சூரியகாந்தி, சாமந்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். பாடப்புத்தகம் இதைச் சிரமஞ்சரி என்கிறது. சிரம் என்றாலும் தலைதானே.

அப்படியானால் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் என்ன உறவு? ஒரே குடும்பம், வேறு வேறு பேரினம். மனித வழக்கில் சொன்னால் ஒரே தாத்தா வழி வந்த பங்காளிகள், ஒரு தாய் பிள்ளைகள் அல்ல. இதைச் சொல்லிவிட்டு, “பாமர மக்கள் குழப்பிவிட்டார்கள்” என்று சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக ஒரு செய்தி. இன்றைய தாவரப் பெயரிடலுக்கு அடித்தளம் போட்ட லின்னேயஸ் 1753-இல் இந்த வெள்ளையையும் மஞ்சளையும் ஒரே பேரினத்தில்தான் வைத்தார். இரண்டும் அவருக்கு வெர்பெசினா. போதாக்குறைக்கு வெள்ளையையே இரண்டு சிற்றினமாகப் பிரித்து, ஒன்றுக்குப் புரோஸ்டிராட்டா என்றும் மற்றதற்கு ஆல்பா என்றும் பெயர் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் அவ்விரண்டையும் ஒன்றாக்கினார்கள். அதனால்தான் ஒரு பொட்டலத்தில் எக்லிப்டா ஆல்பா என்றும் இன்னொன்றில் எக்லிப்டா புரோஸ்டிராட்டா என்றும் இருக்கிறது. பயப்பட வேண்டாம், இரண்டும் அதே வெள்ளைக் கரிசலாங்கண்ணி. பொதுப்பெயரால் வரும் குழப்பத்தைத் தீர்க்க வந்த லத்தீன் பெயரே ஒரு செடிக்கு இரண்டாக நிற்கிறது, பாருங்கள்.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருகிறேன். மூன்று மடலாகப் பிளந்த பளபளப்பான இலை, கைபட்டால் கொஞ்சம் சதைப்பற்றாகத் தெரியும், பெரிய மஞ்சள் பூ. இது ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. டிரைலோபேட்டா என்றாலே மூன்று மடல் உள்ளது என்று பொருள். அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகளிலிருந்து அலங்காரத் தரைவிரிப்பாக உலகமெல்லாம் போன செடி. சாலை நடுத்திட்டுகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புத் தோட்டங்களிலும் மஞ்சள் பூவாகப் போர்த்திக் கிடக்கிறதே, அதுதான். போன இடங்களில் உள்ளூர்ச் செடிகளை அமுக்கிவிடுவதால், உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இதற்கும் இடம் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. இந்த அலங்காரச் செடியை லின்னேயஸ் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார். 1996-இல் புருஸ்கி என்ற தாவரவியலாளர் இதையும் நம் பொற்றலையையும் ஒரே பேரினத்துக்குள், ஸ்பாக்னெட்டிகோலாவுக்குள், கொண்டுவந்தார். ஆக இன்றைய கணக்குப்படி மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு நெருங்கிய சொந்தம் வெள்ளைக் கரிசலாங்கண்ணி அல்ல, உங்கள் தொட்டிச் செடிதான். நர்சரிக்காரர் ஒருவகையில் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனாலும் சொந்தம் என்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சாப்பிட்டுவிட முடியாது. நம் மருத்துவ நூல்கள் பேசும் செடி இது இல்லை, நம் ஊர்க் கீரைக்காரர்கள் பறித்துச் சமைத்துப் பழகிய செடியும் இல்லை. அந்த அனுபவம் எதுவும் இதற்குச் சேராது.

நர்சரிக்காரரை நான் ரொம்பவும் குறை சொல்ல முடியாது, காரணம் நானே அந்தப் பிழையைச் செய்திருக்கிறேன். நான் வேலை பார்த்த கல்லூரியின் மூலிகைத் தோட்டத்தில் ஒரு பாத்தி நிறைய இந்தச் செடி, முன்னால் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பெயிண்ட் அடித்த தகரப் பலகை. பலகை நான் வருவதற்கு முன்பே இருந்தது. இரண்டு வருஷம் அதன் வழியாகத்தான் ஆய்வகத்துக்குப் போய் வந்தேன். ஒரு செய்முறை வகுப்பில் அந்தச் செடியை வரையச் சொன்னேன். ஒரு பையன் இலையின் இரு பக்கமும் மடல் போட்டு வரைந்திருந்தான். புத்தகத்தில் இலைக்குப் பிளவு இல்லை என்று மனப்பாடமாகத் தெரியும் எனக்கு, சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை என் மேசைமேல், நான் சுழித்த அந்தப் பக்கத்தின் மேல், ஓர் இலை இருந்தது. மூன்று மடல். தோட்டத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். பாத்தி முழுக்க மூன்று மடல். நிழலில் கிடந்த சில இலைகளில் மட்டும் பிளவு சரியாகத் தெரியவில்லை, நான் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. உண்மையில் பார்க்கவே இல்லை, பலகையைப் படித்துவிட்டுப் போயிருக்கிறேன். மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். பலகையைப் பிடுங்க நிர்வாகத்திடம் அனுமதி வாங்க இன்னும் நான்கு மாதம் ஆனது, அது தனிக்கதை.

உங்கள் செடியிலும் ஒரே ஓர் இலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெயில் படும் இடத்தில் நன்றாக முற்றிய பத்து இலைகளைப் பாருங்கள்.

சித்த வழக்கில் வெள்ளையையும் மஞ்சளையும் ஒன்றாக வைத்ததில் நியாயம் உண்டு என்றேன் அல்லவா? 1956-இல் சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் துறையில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய குழுவினரும் மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்து அதன் கட்டமைப்பைக் கண்டு சொன்னார்கள். செடிக்கு அப்போதிருந்த வெடேலியா என்ற பெயரை ஒட்டி அதற்கு வெடெலோலாக்டோன் என்று பெயர். கொஞ்ச நாளிலேயே அதே சேர்மம் வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் கிடைத்தது. கல்லீரலைக் காக்கும் தன்மை பற்றிய ஆய்வகச் சோதனைகளில் பிறகு அதிகம் அடிபட்ட பெயர் இது. ஆக வேறு வேறு பேரினத்தைச் சேர்ந்த இரண்டு செடிகளை நம்மவர்கள் ஒரே பெயரின் கீழ் வைத்தார்கள், இரண்டிலும் ஒரே பொருள் இருக்கிறது.

இதற்குமேல் ஓர் அடியும் எடுத்துவைக்க மாட்டேன். ஒரு சேர்மம் பொதுவாக இருப்பதால் இரண்டும் ஒரே மருந்து என்று ஆகாது. ஒரு செடியில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கும், அளவும் மண்ணுக்கு மண் மாறும். சோதனைக் குழாயில் தெரிந்தது மனித உடம்பில் அப்படியே நடக்கும் என்பதும் இல்லை.

கடைக்காரர் ஏன் “வெள்ளையா, மஞ்சளா?” என்று கேட்டார் என்பதற்கு வருவோம். கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். என் தாத்தா காலத்தில் கோழி என்றால் கோழி. பிராய்லர் வந்தபிறகுதான் அது நாட்டுக்கோழி ஆனது. கோழி மாறவில்லை, பக்கத்தில் இன்னொன்று வந்து நின்றதால் அடைமொழி தேவைப்பட்டது. கரிசலாங்கண்ணிக்கும் இதே கதைதான். வெள்ளைக் கரிசலாங்கண்ணி என்று யாரும் தனியாக இருக்கும்போது சொல்வதில்லை, மஞ்சள் பேச்சில் வந்தால்தான் வெள்ளை என்ற சொல்லே வாயில் வரும். எண்ணெய் காய்ச்சுகிறவர் கரிசலாங்கண்ணி என்றால், கூந்தல் தைலத்துக்கான அந்தக் கறுப்புச் சாற்றுச் செடியைத்தான் சொல்கிறார். ஆனால் மஞ்சளைக் கீரையாகக் கடைந்தோ துவட்டியோ சாப்பிட்டுப் பழகிய வீட்டில், “இன்றைக்குக் கரிசலாங்கண்ணி” என்றால் தட்டில் விழுவது மஞ்சள். சமையலுக்கு மஞ்சள், தைலத்துக்கு வெள்ளை என்று பிரித்துச் சொல்பவர்களை நிறையவே பார்க்கலாம். ஆகையால் பொதுப்பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று அகராதியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சொன்னவர் யார், எந்த ஊர், எதற்காகச் சொன்னார் என்றும் பார்க்க வேண்டும். கடைக்காரர் கேட்டது சரியான கேள்வி. கேட்காமல் ஒன்றை மடித்துக் கொடுத்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

அடைமொழி வைத்த மற்றச் செடிகளில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் வகுப்பில் ஒரு விதி செய்துபார்த்துத் தோற்றவன். நெல்லி மரம், கீழாநெல்லி தரையோடு நிற்கும் ஒரு முழக் களை. பெயரில் மட்டும்தான் நெல்லி என்று தோன்றும், ஆனால் இரண்டும் உண்மையிலேயே ஒரே பேரினம், ஃபில்லாந்தஸ். புளிக்கும் அரைநெல்லியும் அதில்தான் சேர்த்தி. பேய்ப்புடல் என்றால் புடலைப் போலிருக்கும் ஏதோ ஒன்று என்று நினைப்போம். அதுவோ நாம் கூட்டு வைக்கும் புடலங்காயின் அதே சிற்றினம், பழக்கப்படாத காட்டு வடிவம், கசப்பு மாறாதது. இந்தப் பக்கம் வாருங்கள்: கருவேலும் சீமைக் கருவேலும் முள்ளில்தான் ஒற்றுமை, பேரினம் வேறு. ஆமணக்கும் காட்டாமணக்கும் அப்படியே. சீமை அகத்தி என்பது வண்டுகொல்லி. படர்தாமரைக்கு இலையை அரைத்துப் பூசுவார்கள், உள்ளே போனால் நிலாவரைபோல வயிற்றைக் கலக்கும். அகத்திக்கீரைப் பொரியலை நினைத்துக்கொண்டு அதைப் பறித்தால் கதை கந்தல். பேய் என்ற சொல் ஒரே சிற்றினத்தைக் காட்டுகிறது, சீமை என்ற சொல் வேறு பேரினத்துச் செடியைக் காட்டுகிறது. சீமைக்கும் ஒரு விதி என்று எழுதிவைத்தால், சீமைப் பொன்னாங்கண்ணி வந்து குறுக்கே நிற்கும். அதுவும் நாட்டுப் பொன்னாங்கண்ணியும் ஒரே பேரினம். ஒவ்வொரு செடியாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இதெல்லாம் பெயர் விளையாட்டுதானே என்று தோன்றினால், கீழாநெல்லிக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் சென்னை ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்கும் அதில் இணை ஆசிரியர். வைரஸை உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது என்றும், வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது என்றும் எழுதியிருந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்த முடிவு திரும்ப வரவில்லை. ஏன் என்று விவாதித்தபோது முன்வைக்கப்பட்ட காரணங்களில் ஒன்று, எல்லோரும் பயன்படுத்தியது ஒரே செடிதானா என்பது. சென்னையில் பயன்பட்டது ஃபில்லாந்தஸ் அமாரஸ். நம் புத்தகங்கள் பலவற்றில் கீழாநெல்லிக்கு ஃபில்லாந்தஸ் நிரூரி என்று போட்டிருக்கும், அதுவோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஊரிலேயே மேலாநெல்லி, சிவப்புக் கீழாநெல்லி என்று பக்கத்தில் பக்கத்தில் முளைக்கும் உறவுக்காரர்கள் வேறு. செடி மாறியதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, மருந்தே அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை என்பதும் சாத்தியம்தான். ஆனால் பொட்டலத்துக்குள் எந்தச் செடி என்று தெரியாவிட்டால் அந்த விவாதத்தை முடிக்கவே முடியாது.

நீலக் கரிசலாங்கண்ணி என்று ஒன்று இருப்பதாகவும், கிடைத்தற்கரியது என்றும் யாராவது உங்களிடம் சொல்வார்கள், விலையும் சொல்வார்கள். பழைய நூல்களில் நிற வகைகளாக அப்படி ஒரு பேச்சு உண்டு என்பது உண்மை. ஆனால் எக்லிப்டா பேரினத்தில் நீலப் பூ பூக்கும் சிற்றினம் கிடையாது. நீலமாகும் அந்தச் சாற்றைப் பார்த்து வந்த பெயரோ என்பது என் ஊகம், ஊகம் மட்டும்தான். பணம் கொடுத்து வாங்காதீர்கள். மஞ்சள் பூ பூக்கும் நிஜமான எக்லிப்டா ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. இலக்கணப்படி மஞ்சள் கரிசலாங்கண்ணி என்ற பெயருக்கு முழு உரிமை அதற்குத்தான், பாவம், அதற்குத் தமிழ் தெரியாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மருத்துவருக்கு ஒரு போன் போட்டு வெள்ளையா, பொற்றலையா என்று கேளுங்கள். ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். அவர் சொல்வதை உரிமம் பெற்ற நிறுவனத்தின் பொட்டலமாக வாங்குங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளின் உறையில் தாவரவியல் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. எக்லிப்டா என்றிருந்தால் வெள்ளை, வெடேலியா அல்லது ஸ்பாக்னெட்டிகோலா கேலெண்டுலேசியா என்றிருந்தால் மஞ்சள். உதிரியாக நிறுத்துக் கொடுக்கும் பொடியில் இது தெரியாது. பொடியாகிவிட்ட பிறகு கண்ணால் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, அதற்கு நுண்ணோக்கி வேண்டும். அம்மா ஏற்கெனவே வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தொட்டிச் செடி அழகுக்கு இருக்கட்டும், பூக்கிற செடிதானே. சாப்பிட மட்டும் வேண்டாம். வேண்டாம் என்று தோன்றினால் பிடுங்கி வாய்க்கால் பக்கமோ காலி மனையிலோ வீசிவிடாதீர்கள். கணு ஒன்று மண்ணைத் தொட்டால் போதும், அடுத்த மழைக்குள் அந்த இடம் அதனுடையது. மொட்டைமாடியில் பரப்பி, மொறுமொறுவென்று காயவிட்டு அப்புறம் போடுங்கள். வெள்ளைக் கரிசலாங்கண்ணிக்கு நர்சரி தேவையில்லை. மழை விட்டு ஒரு வாரம் கழித்து, பூச்சிமருந்தும் சாக்கடையும் படாத ஏதாவது ஒரு வரப்பில் குனிந்து பாருங்கள். கையில் ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கொண்டு போங்கள்.